கேப்பிட்டலிசம்: எ லவ் ஸ்டோரி – பெற்றோர் கேட்பவையும் விமர்சகர்கள் சொல்பவையும்

மைக்கேல் மூர் 2009-இல் வெளியிட்ட 'கேப்பிட்டலிசம்: எ லவ் ஸ்டோரி', அமெரிக்க முதலாளித்துவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆவணப்படம். 127 நிமிடம் ஓடும். இதைப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாமா, அதில் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற இரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் கிடையாது.

படம் எதைப் பற்றியது?

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானது. அடுத்த சில வாரங்களில், வங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் வரை செலவிடலாம் என்று அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது. செப்டம்பர் 29 அன்று 228-க்கு 205 என்ற கணக்கில் கீழவையில் தோற்ற மசோதா, அக்டோபர் 3 அன்று நிறைவேறியது. அந்த நான்கைந்து நாளில் என்ன நடந்தது என்பதுதான் படத்தின் நடுநாயகமான கேள்வி.

அதைச் சுற்றிப் பல கிளைக்கதைகள் உண்டு. கடன் கட்ட முடியாமல் வீட்டை இழக்கும் குடும்பங்கள், ஊழியர் இறந்தால் முதலாளிக்குப் பணம் வரும் காப்பீடு, அற்பச் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் விமானிகள், லஞ்சம் வாங்கிச் சிறுவர்களைச் சிறையில் தள்ளிய நீதிபதிகள், தொழிற்சாலையைக் கைப்பற்றி உட்கார்ந்த தொழிலாளர்கள் என்று நீள்கிறது. மூர் தன் சொந்த ஊரான மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட்டுக்குத் தந்தையை அழைத்துப்போய், அவர் வேலை பார்த்த ஸ்பார்க் பிளக் ஆலை இருந்த வெட்டவெளியையும் காட்டுகிறார். கடைசியில், முதலாளித்துவம் தீமை, தீமையைச் சீர்திருத்த முடியாது, அதன் இடத்தில் ஜனநாயகத்தை வைக்க வேண்டும் என்று முடிக்கிறார்.

அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் ஏன் கிடைத்தது? அவ்வளவு மோசமா?

கெட்ட வார்த்தைகளுக்காக மட்டுமே. அமெரிக்கத் தரப்படுத்தல் குழு கொடுத்த காரணமும் அதுதான். 'ஆர்' என்றால் 17 வயதுக்குக் குறைந்தவர் பெற்றோருடனோ வேறு பெரியவருடனோதான் திரையரங்கில் பார்க்கலாம். பாலுறவைக் குறிக்கும் கடும் வசவுச் சொல் ஒரு முறை வந்தால் குறைந்தது 'பிஜி-13' (13 வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோருக்கான எச்சரிக்கை). அதற்கு மேல் வந்தால் பொதுவாக 'ஆர்' என்பது அந்தக் குழுவின் நடைமுறை. ஆகவே ஒரு வன்முறைப் படத்துக்கும், வீட்டை இழந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை திட்டும் மனிதர் வரும் ஆவணப்படத்துக்கும் ஒரே எழுத்து கிடைத்துவிடுகிறது. ஆபாசக் காட்சி, சண்டைக்காட்சி என்று கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

இந்தியாவில் ஓடிடி தளத்தில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 விதிகளின்படி அங்கே தெரியும் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்ற முத்திரைகள் தளம் தானே வகைப்படுத்திப் போடுபவை. அமெரிக்க 'ஆர்' அப்படியே இங்கே 'ஏ' ஆகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முத்திரை எதுவானாலும் நீங்கள் முதலில் ஒரு தடவை பார்த்துவிடுவதே நல்லது.

அப்படியானால் எந்த வயதில் காட்டலாம்?

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் 14 வயதிலிருந்து. தனியாகப் பார்க்க 16. இந்த வயது வரம்பு வசவுக்காக அல்ல, வாதத்துக்காக. 12 வயதுப் பிள்ளைக்கு வங்கிக் கடன், பங்கு, ஓய்வூதியம் எதுவும் பிடிபடாது. அழும் முகங்களும் 'அவர்கள் கெட்டவர்கள்' என்ற எண்ணமும்தான் மிஞ்சும்.

வசவைத் தவிர, மனதைப் பாதிக்கும் காட்சிகள் எவை?

முதல் காட்சியே வங்கிக் கொள்ளைகளின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள்தான். துப்பாக்கி தெரியும், ஆனால் துள்ளலான பாட்டோடு வேடிக்கையாகக் கோத்திருப்பதால் பிள்ளைகள் பயப்படுவதில்லை.

உண்மையில் கலங்க வைப்பது அதற்குச் சற்றுப் பின் வருவது. வட கரோலினாவில் ஒரு குடும்பம் வீட்டுக்குள் அடைந்துகொண்டு, தங்களைக் காலி செய்ய வரும் போலீஸ் கார்களை ஜன்னல் வழியே தாங்களே படம் பிடிக்கிறது. கதவு உடைபடும் சத்தம் உள்ளேயிருந்து கேட்கிறது. பின்னணி இசை, விளக்கம் எதுவும் பெரிதாக இல்லை. அதனால்தான் படத்திலேயே வலுவான சில நிமிடங்களாக அது இருக்கிறது. குடும்பத்தில் கடன் நெருக்கடியோ வாடகை வீட்டைக் காலி செய்த அனுபவமோ இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்தக் காட்சி வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இலினாய் மாநிலத்துப் பியோரியாவில் இன்னொரு குடும்பம். தலைமுறையாக இருந்த பண்ணை வீடு கையை விட்டுப் போகிறது. சாமான்களை அகற்றி வீட்டைக் காலியாக்கித் தருவதற்கு வங்கி அவர்களுக்கே 1,000 டாலர் கூலி தருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இது உறைக்காது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பேச்சு மறந்து உட்காருவது இந்தக் காசோலைக் காட்சியில்தான்.

காப்பீட்டுப் பகுதியில் தாயை இழந்த பிள்ளைகளும் மனைவியை இழந்த கணவரும் கேமரா முன் அழுகிறார்கள். அண்மையில் வீட்டில் இறப்பு நடந்திருந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். படத்தின் வாதம் அறுந்துபோகாது. இறுதியில் கத்ரீனா புயலில் கூரைமேல் நின்று கையசைக்கும் மக்கள் வருகிறார்கள்.

மத நம்பிக்கை உள்ள குடும்பங்களுக்கு உறுத்தலாக ஏதாவது?

இரண்டு இடங்கள். பழைய இயேசு படம் ஒன்றின் காட்சிகளுக்கு மூர் புதிதாகக் குரல் கொடுத்து, நோயாளியைக் குணப்படுத்த மறுக்கும் 'சந்தைவாத' இயேசுவாகக் காட்டுகிறார். கேலியின் குறி இயேசு அல்ல, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு லாபத்தைப் போற்றுபவர்கள். ஆனாலும் சிலருக்குப் பிடிக்காது. மற்றது, மிச்சிகன் கத்தோலிக்கக் குருமார்களும் டெட்ராய்டில் துணை ஆயராக இருந்த தாமஸ் கம்பிள்டனும் முதலாளித்துவத்தை நேரடியாகப் பாவம் என்கிறார்கள். அது அவர்களின் கருத்து. கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனை தனியார் சொத்துரிமையை ஏற்றுக்கொண்டு, அதற்குக் கடமைகளை வகுப்பது. இந்த மாற்றுக் குரல் படத்தில் இல்லை.

பார்ப்பதற்கு முன் பிள்ளைக்கு எதை விளக்க வேண்டும்?

மூன்று விஷயம் போதும். மூன்றையும் படம் சரியாக விளக்குவதில்லை.

முதலாவது, மிதக்கும் வட்டிக் கடன். அந்நாளில் சப்பிரைம் கடன்களில், அதாவது கடன் தகுதி குறைந்தவர்களுக்குத் தந்த கடன்களில், பரவலாக இருந்த ஒரு வகைக்கு முதல் 2 வருடம் நிலையான குறைந்த வட்டி, மீதி 28 வருடம் சந்தையோடு ஏறும் வட்டி. கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 1,00,000 டாலர் கடன், 30 வருடம், 4 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 477 டாலர். இரண்டு வருடம் கட்டிய பிறகும் 96,400 டாலர் பாக்கி நிற்கும். அப்போது வட்டி 8 சதவீதமானால் தவணை 720 டாலராகிவிடும். சம்பளம் அதேதான், தவணை மட்டும் பாதிக்கு மேல் கூடிவிட்டது. (4, 8 என்பவை கணக்குக்காக எடுத்தவை, முதல் வட்டியே இதைவிட அதிகமாக இருந்த கடன்கள் ஏராளம்.) வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்துத் தப்பிக்கலாம். விலை இறங்கிய அன்றைக்கு அந்த வழி மூடிக்கொண்டது. இந்த ஒரு கணக்கு தெரிந்துவிட்டால் படத்தின் முதல் பாதி முழுவதும் புரியும்.

இரண்டாவது, டெரிவேட்டிவ். படத்தில் முன்னாள் லேமன் அதிகாரி ஒருவரும் ஹார்வர்டு பொருளாதார அறிஞர் கென்னத் ரோகாஃபும் இதை விளக்க முயன்று தடுமாறுவதை நகைச்சுவையாகக் காட்டுகிறார் மூர். சிரித்து முடித்த பிறகும் நமக்கு அது என்னவென்று தெரியாது. வேறொரு சொத்தின் விலையையோ கடனையோ சார்ந்து மதிப்பு ஏறி இறங்கும் ஒப்பந்தம், அவ்வளவுதான். வெள்ளாமை விளையும் முன்பே விலை பேசி முடிப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சிக்கல் எங்கே வந்தது என்றால், கடன் திரும்பி வராவிட்டால் பணம் தருகிறேன் என்ற ஒப்பந்தங்களை ஏஐஜி காப்பீட்டு நிறுவனம் போதிய கையிருப்பு வைக்காமல் விற்றுத் தள்ளியது. எல்லாரும் ஒரே நேரத்தில் கை நீட்டியபோது கொடுக்கப் பணமில்லை.

மூன்றாவது, மீட்பு நிதி இலவசப் பணமா கடனா என்பது. இதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

ஒரே மூச்சில் பார்க்கலாமா?

பிள்ளைகளோடு என்றால் வேண்டாம். மூன்று அமர்வாகப் பிரியுங்கள். வீடு இழப்புகளும் ரீகன் கால வரலாறும் முதல் நாள். நீதிபதிகள், விமானிகள், காப்பீடு இரண்டாம் நாள். வங்கி மீட்பும் அதற்கு எதிர்ப்பும் மூன்றாம் நாள். ஒவ்வொன்றும் சுமார் 40 நிமிடம் வரும்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: கண்ணால் பார்த்தது, மூர் வாயால் சொன்னது, இவை இரண்டுக்கும் இடையே அவர் தாண்டியது. மூன்றாவது பத்தி முதலில் காலியாகவே இருக்கும். அரை மணி நேரம் போனால் நிறைய ஆரம்பிக்கும்.

உதாரணமாக ஒரு காட்சி. அதிபர் ரீகன் நியூயார்க் பங்குச்சந்தையில் பேசுகிறார். பக்கத்தில் நிற்கும் டொனால்டு ரீகன் என்ற வேறொருவர் காதருகே வந்து, சீக்கிரம் முடியுங்கள் என்கிற மாதிரி சொல்கிறார். இவர் மெரில் லிஞ்சு என்ற நிதி நிறுவனத்தின் தலைவராக இருந்து நிதியமைச்சரானவர், பிறகு வெள்ளை மாளிகை அலுவலர்களின் தலைவரானவர். வால் ஸ்ட்ரீட் (நியூயார்க்கின் நிதி நிறுவன வட்டாரம்) அதிபருக்கே உத்தரவு போடுகிறது என்கிறார் மூர். பார்த்தது: ஒருவர் பேச்சைச் சுருக்கச் சொன்னார். தாண்டியது: மேடையில் நேரத்தைக் கவனிப்பது அதிபரோடு வரும் அதிகாரிகளின் அன்றாட வேலை என்பது. வால் ஸ்ட்ரீட் மனிதர் நிதியமைச்சரானது உண்மையிலேயே விவாதிக்க வேண்டிய விஷயம். ஆனால் அதற்குச் சான்று அந்தக் கிசுகிசுப்பு அல்ல.

படத்தில் சொல்லும் தகவல்கள் உண்மையா?

தனித்தனித் தகவல்கள் பெரும்பாலும் உண்மை. விட்டுவிட்டவற்றில்தான் வழுக்கல்.

'இறந்த குடியானவர்' காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். வால்மார்ட் போன்ற நிறுவனங்கள் சாதாரண ஊழியர்கள் பேரில் ஆயுள் காப்பீடு எடுத்து, இறந்தால் பணத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டன. குடும்பத்துக்குத் தெரியவே தெரியாது. இது நடந்தது, இத்துறையின் கடிதங்களில் அந்த அருவருப்பான பெயரும் இருந்தது. ஆனால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும் என்றால், நிறுவனம் ஊழியர் சாகக் காத்திருந்தது என்று. அசல் ஈர்ப்பு வரிச் சலுகை: சாவுப் பணத்துக்கு வரி கிடையாது, பாலிசி மேல் கடன் வாங்கினால் அந்த வட்டியையும் வருமானத்தில் கழிக்கலாம் என்ற நிலை இருந்தது. வட்டிக் கழிவை 1990-களில் காங்கிரஸ் ஒடுக்கியது. 2006 ஆகஸ்டுக்குப் பிறகு எடுக்கும் பாலிசிகளுக்கு ஊழியரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். வரிவிலக்கும் பெரும்பாலும் உயர் ஊதியக்காரர்களின் பாலிசிகளோடு நின்றது. படம் வருவதற்கு மூன்று வருடம் முன்பே வந்துவிட்ட சட்டம் இது.

விமானிகள் பகுதி. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானியின் சம்பளம் வருடத்துக்கு 16,000 டாலர் அளவில்தான் என்று விசாரணையில் முதலில் வெளிவந்தது. நிறுவனம் பிற்பாடு அதைவிடக் கூடுதல் என்றது. படம் சம்பளத்தையும் விபத்தையும் ஒட்டவைக்கிறது. 2010-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்ன காரணம் வேறு: வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்தார். களைப்பு அவர்களைப் பாதித்திருக்கலாம், எந்த அளவுக்கு என்று நிர்ணயிக்க முடியாது என்றது அறிக்கை. மூருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகுதான் துணை விமானிக்கு 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்று விதி இறுகியது, ஓய்வு நேர விதிகளும் மாறின.

நீதிபதிகள் விவகாரம் முழுக்க உண்மை. பிள்ளைகளை அதிகம் உலுக்குவதும் இதுதான். பென்சில்வேனியாவின் லுசெர்ன் மாவட்டத்தில் மார்க் சியாவரெல்லா, மைக்கேல் கானஹன் என்ற இரு நீதிபதிகள், தனியார் சிறார் காப்பகத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து 26 லட்சம் டாலருக்கு மேல் பெற்றார்கள். இணையத்தில் பள்ளி அதிகாரியைக் கேலி செய்த மாணவி முதற்கொண்டு அடைக்கப்பட்டார்கள். பலருக்கு வக்கீல்கூட இல்லை. பின்னர் மாநில உச்ச நீதிமன்றம் சுமார் 4,000 தீர்ப்புகளை ரத்து செய்தது. 2011-இல் சியாவரெல்லாவுக்கு 28 வருடமும் கானஹனுக்கு 17½ வருடமும் தண்டனை. கானஹனின் எஞ்சிய தண்டனையை 2024 டிசம்பரில் அதிபர் பைடன் குறைத்தது பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கொதிக்க வைத்தது. இது முதலாளித்துவத்தின் குற்றமா, ஊழலின் குற்றமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். காப்பகம் தனியாருடையது, அதை நிரப்பினால் லாபம்; ஆனால் வாங்கியது அரசு நீதிபதிகள், பிடித்ததும் அரசு வழக்கறிஞர்கள். நல்ல வாக்குவாதத்துக்கு இதைவிடத் தோதான பகுதி படத்தில் இல்லை.

வரலாற்றுப் பகுதியில் இன்னும் கொஞ்சம் அவசரம். 1950-களில் பணக்காரர்களுக்கு 90 சதவீத வரி இருந்தது என்பது சரிதான் (91), ஆனால் திருமணமானவர்களுக்கு அது 4,00,000 டாலருக்கு மேல் வரும் வருமானத்துக்கு மட்டும். விலக்குகளும் ஏராளம் என்பதால் கையிலிருந்து கட்டிய விகிதம் அதைவிடக் குறைவு. போலியோ தடுப்பூசிக்கு ஜோனஸ் சால்க் காப்புரிமை வாங்கவில்லை என்பதும் சரி. அதற்கு வாய்ப்புண்டா என்று, ஆய்வுக்குப் பணம் தந்த அறக்கட்டளையின் வக்கீல்கள் முன்பே ஆராய்ந்திருந்தார்கள் என்பது விடுபட்டது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் போய் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் அரசியல் சாசனங்களுக்கு உரிமைகளைத் தந்தார்கள் என்ற தோரணை ஜப்பானுக்குப் பொருந்தும். இத்தாலி, ஜெர்மனி சாசனங்களை எழுதியது அந்தந்த நாட்டு அவைகளே.

அதே பகுதியில் ஒரு புதையலும் உண்டு. வேலை, வீடு, மருத்துவம், கல்வி ஆகியவற்றை உரிமைகளாக்க வேண்டும் என்று 1944 ஜனவரி 11 அன்று ரூஸ்வெல்ட் பேசியதன் படச்சுருள் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. படக்குழு அதைத் தெற்கு கரோலினாவில் தேடி எடுத்துத் திரையில் காட்டியது. படத்தின் மற்றதையெல்லாம் மறுப்பவர்கள்கூட இதற்காக மூருக்கு நன்றி சொல்லலாம்.

மீட்புப் பணம் திரும்பி வந்ததா?

படம் 2009 செப்டம்பரில் வெளியானது, அதனால் விடை அதில் இல்லை. மீட்பு நிதியின் கண்காணிப்புக் குழுத் தலைவராக இருந்த எலிசபெத் வாரனிடம் பணம் எங்கே என்று மூர் கேட்க, தெரியாது என்கிறார் அவர். அன்றைய நிலவரம் அது. பின்னாளில் கணக்கு வந்தது: வங்கிகளில் போட்ட சுமார் 24,500 கோடி டாலருக்கு 27,500 கோடி திரும்பியது. கார் நிறுவனங்களில் அரசுக்கு நஷ்டம். வீடு இழந்தவர்களுக்கான உதவி திரும்பி வர வேண்டிய பணமாகக் கொடுக்கப்படவே இல்லை, அதில் செலவானதும் ஒதுக்கியதைவிடக் குறைவு.

அப்படியானால் மூர் சொன்னது தப்பா? பணம் காணாமல் போயிற்று என்ற தொனி தப்பு. வங்கிக்கு வாரக்கணக்கில் உதவி, குடும்பங்களுக்கு வருடக்கணக்கில் படிவம் என்ற கோபம் தப்பில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வலதுசாரி விமர்சகர்கள் என்ன சொல்கிறார்கள்?

மூர் காட்டியது முதலாளித்துவம் அல்ல, அரசும் பெருநிறுவனமும் கைகோத்த கூட்டுக் களவு என்பார்கள். தடையற்ற சந்தையில் வங்கி தோற்றால் மூழ்க வேண்டும், மீட்டது அரசுதானே? மத்திய வங்கி வட்டியை மிகக் குறைவாக வைத்ததும், வீட்டுக் கடனைப் பரப்பிய ஃபேனி மே, ஃபிரெடி மாக் என்ற அரசு சார்ந்த நிறுவனங்களும் படத்தில் தகுந்த இடம் பெறவில்லை என்பது அடுத்த புகார். ஒரு வேடிக்கை: மீட்பு நிதிக்கு எதிராக வாக்களித்த குடியரசுக் கட்சியினரும் மூரும் அந்த வாரம் ஒரே பக்கம் நின்றார்கள். படம் இதைத் தொடவே அஞ்சுகிறது.

அமெரிக்க அரசியல் சாசனத்தில் முதலாளித்துவம் என்று எங்கும் எழுதவில்லை என்று தேசிய ஆவணக் காப்பகத்தில் போய்க் காட்டுகிறார் மூர். ஒப்பந்தங்களை மாநிலங்கள் முறிக்கக் கூடாது, ஈடு கொடுக்காமல் சொத்தை எடுக்கக் கூடாது, கண்டுபிடிப்பாளருக்குக் காப்புரிமை உண்டு என்ற பிரிவுகள் அதே சாசனத்தில்தான் இருக்கின்றன. இது எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடிய சறுக்கல்.

இடதுசாரிகள் கொண்டாடியிருப்பார்களே?

பாதிதான். முதலாளித்துவம் என்றால் என்ன என்பதைப் படம் ஒரு தடவையும் வரையறுக்கவில்லை என்பது அவர்களின் முதல் குறை. சில வங்கியாளர்களின் பேராசையைத் திட்டுவது ஒன்று, உழைப்பும் உடைமையும் பிரிந்திருக்கும் அமைப்பை விளக்குவது வேறு. ஒழித்துக்கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, முதலாளித்துவத்தைக் காப்பாற்றிய ரூஸ்வெல்ட்டையே முன்மாதிரியாகக் காட்டுவது முரண். ஒபாமாவின் வெற்றியை விடியலாகக் காட்டியதும், அவரது தேர்தல் நிதியில் வால் ஸ்ட்ரீட் பணம் இருந்ததைச் சட்டென்று கடந்துபோனதும் சீக்கிரமே பழசாகிவிட்டன. ஆனாலும் ஜனநாயகக் கட்சியினரை அடியோடு விட்டுவைக்கவில்லை: கன்ட்ரிவைடு என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் சலுகைக் கடன் பட்டியலில் செனட்டர் கிறிஸ் டாட் இருந்ததைக் காட்டுகிறார். செனட்டின் நெறிமுறைக் குழு 2009 ஆகஸ்டில் டாட் விதியை மீறவில்லை என்று சொல்லிவிட்டது.

மாற்று என்னவென்று கேட்டால், படம் இரண்டு தொழிலாளர் கூட்டுறவுகளைக் காட்டுகிறது: விஸ்கான்சினில் ஓர் இயந்திர நிறுவனம், கலிபோர்னியாவில் ஒரு ரொட்டி ஆலை. ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபத்தில் பங்கு. பிள்ளைகள் ஆர்வத்தோடு கேள்வி கேட்கும் இடம் இது. யார் முதல் போடுவது, நஷ்டம் வந்தால் யார் தாங்குவது, ஒருவர் விலகினால் பங்கு என்னாகும் என்று அவர்கள் கேட்பதற்குப் படத்தில் பதில் இல்லை. சில நிமிடத்தில் முடித்துவிட்டு மீண்டும் வங்கிக்குப் போய்விடுகிறார்.

சினிமாவாக எப்படி?

தொழில் தெரிந்த ஆள் எடுத்த படம். பழைய பாடப்படங்களிலிருந்து ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எடுத்து இன்றைய வாஷிங்டனோடு வெட்டி ஒட்டியிருக்கும் தொடக்கம் அபாரம். ரொக்க வண்டியோடு போய் வங்கி வாசலில் பணப்பையை நீட்டுவது, பங்குச்சந்தைக் கட்டடத்தைச் சுற்றிக் 'குற்றம் நடந்த இடம்' நாடா கட்டுவது போன்றவை 1989-இலிருந்து அவர் செய்துவரும் வித்தைகள். வாசலில் அவரைத் தடுப்பது எப்போதும் சம்பளத்துக்கு நிற்கும் காவலாளிதான், முதலாளி அல்ல. அந்த நகைச்சுவை யார் மேல் விழுகிறது என்று விமர்சகர்கள் கேட்டது நியாயம்.

சிகாகோவில் ரிபப்ளிக் ஜன்னல் ஆலைக் காட்சியில் வித்தை எதுவும் தேவைப்படவில்லை. 2008 டிசம்பரில் மூன்று நாள் அவகாசத்தில் ஆலையை மூடினார்கள். சட்டப்படி 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சுமார் 250 தொழிலாளர்கள் ஆறு நாள் உள்ளேயே உட்கார்ந்தார்கள். கடன் தர மறுத்த பேங்க் ஆஃப் அமெரிக்காவும் ஜேபி மோர்கன் சேஸும் இறங்கிவந்து 17.5 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஆனது. அதே தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் பிற்பாடு சொந்தமாகவே ஜன்னல் கூட்டுறவு தொடங்கினார்கள்.

முதலாளித்துவத்தைத் திட்டியே காசு பார்க்கிறாரே மூர், இது பாசாங்கு இல்லையா?

பணம் போட்டது பாரமவுன்ட் வான்டேஜும், லிபர்ட்டி மீடியாவின் ஓவர்ச்சர் ஃபிலிம்ஸும். மூர் செல்வந்தர்தான். இதனால் அவர் சொல்லும் ஒரு தகவல்கூடப் பொய்யாகிவிடாது, உண்மையாகிவிடவும் செய்யாது. பதினாறு வயதுப் பிள்ளை இதை முதல் வாதமாக எடுத்தால், ஆளை விட்டுவிட்டு விஷயத்துக்கு வரச் சொல்லுங்கள். சொல்லப்போனால் லாபமும் பெரிதில்லை: அமெரிக்காவில் சுமார் 1.4 கோடி டாலர் வசூல். அவரது 2004-ஆம் ஆண்டுப் படம் 'ஃபாரன்ஹீட் 9/11' அங்கே 11.9 கோடி வசூலித்தது.

எதிர்க்கருத்தை எங்கே காட்டுவது?

அமெரிக்க நிதி நெருக்கடி விசாரணை ஆணையத்தின் 2011 ஜனவரி அறிக்கை இதற்கு மிகவும் பொருத்தம். பத்து உறுப்பினர்கள். ஆறு பேர், தளர்ந்த கண்காணிப்பும் நிறுவனங்கள் அளவுமீறி எடுத்த ஆபத்தும் காரணம், இதைத் தவிர்த்திருக்கலாம் என்றார்கள். மூன்று பேர் உலகளாவிய கடன் வெள்ளம் உட்படப் பல காரணங்களை அடுக்கி மாறுபட்டார்கள். பீட்டர் வாலிசன் ஒருவர் மட்டும் அரசின் வீட்டுவசதிக் கொள்கையே மூலகாரணம் என்று தனியே எழுதினார். ஒரே சாட்சியங்களிலிருந்து மூன்று முடிவு. பெரியதைப் படிக்கச் சொல்ல வேண்டாம்; மூன்றின் முன்னுரைகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

பார்த்துவிட்டு, நம் வீட்டையும் இப்படிப் பிடுங்குவார்களா என்று பிள்ளை கேட்டால்?

மழுப்ப வேண்டாம். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வாராக்கடனான பிறகு வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமலே அடமானச் சொத்தைக் கையகப்படுத்தலாம். எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீட்டுக் கடன் இருந்தால் தவணை எவ்வளவு, நிலையான வட்டியா மிதக்கும் வட்டியா, ஒரு தவணை தவறினால் என்ன செய்வோம் என்று பிள்ளை முன்னால் பேசுங்கள். தெரிந்த எண் பயத்தைக் குறைக்கும். உண்மையிலேயே தவணை நிலுவையில் இருக்கும் வீட்டில் இந்தப் படத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.

வகுப்பில் காட்டலாமா?

முழுப் படமும் வேண்டாம், நேரமும் இருக்காது. சிறார் காப்பகப் பகுதி அல்லது சிகாகோ ஆலைப் பகுதி, ஏதாவது ஒன்று. அமெரிக்கப் பள்ளிகளில் 'ஆர்' படமென்றால் பெற்றோரின் கையெழுத்து கேட்பது வழக்கம். எங்கே இருந்தாலும் முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்பி, எந்தப் பகுதி, எதற்கு, வேண்டாமென்றால் அந்த மாணவருக்கு மாற்று வேலை என்ன என்று மூன்றையும் அதில் எழுதிவிட்டால் பின்னால் வரும் தகராறு பெருமளவு குறையும்.

இவரது வேறு படத்திலிருந்து தொடங்கலாமா?

சின்னவர்களுக்கு 'சிக்கோ' (2007) எளிது. அமெரிக்க மருத்துவக் காப்பீடு பற்றியது, 'பிஜி-13', பேசும் பொருளும் அந்த ஒன்றுதான். 'ரோஜர் அண்ட் மீ' (1989) ஃபிளின்ட் ஆலை மூடல்களைப் பற்றிய முதல் படம், இதைவிடக் கச்சிதம். சம்பவங்களின் கால வரிசையை மாற்றி அடுக்கினார் என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. அதில் ஒரு பெண் முயலை அடித்துக் கொன்று தோலுரிக்கும் காட்சி வெட்டில்லாமல் வரும். 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' (2002) ஆஸ்கர் வாங்கியது, ஆனால் பள்ளித் துப்பாக்கிச்சூட்டின் கண்காணிப்புப் பதிவு உள்ளது. 16 வயதுக்கு முன் வேண்டாம்.